65 அங்குலம்: எல்ஜி சி4 ஆ, சாம்சங் எஸ்90டி ஆ? வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு எது பொருந்தும்?

வெள்ளவத்தை ஏழாம்மாடி எழுதியது:

வணக்கம். வீட்டு ஹோலுக்கு 65 அங்குல டிவி ஒன்று வாங்கப் போகிறோம். கடை கடையாகப் பார்த்ததில் கடைசியில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன: எல்ஜி சி4, சாம்சங் எஸ்90டி. இரண்டுமே 2024 ஆம் ஆண்டு மொடல், இரண்டுமே ஓலெட் (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை). 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 தடவை படம் மாறும் வேகம்), பெட்டிகளைச் செருக நான்கு எச்டிஎம்ஐ 2.1 துளை எல்லாம் இரண்டிலும் உண்டு. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் முடிவெடுக்க முடியவில்லை. ஒன்றில் ஏதாவது பெரிய குறை இருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹோல் மேற்குப் பார்த்தது, பெரிய யன்னல், வெளியே மரைன் டிரைவும் கடலும். பிற்பகல் 3 மணிக்குப் பிறகு வெயில் உள்ளே வரைக்கும் வரும். சோஃபாவுக்கும் சுவருக்கும் இடையில் 9 அடி. பகலில் அப்பா பியோ டிவியில் (இணைய இணைப்பு வழியாகப் பெட்டிக்கு வரும் சனல் சேவை) தமிழ்ச் செய்தி, நாடகம், கிரிக்கெட் பார்ப்பார். இரவில் நானும் மனைவியும் நெட்ஃபிளிக்ஸ். தம்பி வந்தால் பிளேஸ்டேஷன் 5. ஒருமுறை வாங்கினால் எட்டுப் பத்து வருடம் பாவிக்கிற குடும்பம் எங்களுடையது. இவற்றைப் பாவித்தவர்கள் சொல்லுங்கள்.


பம்பலப்பிட்டி பனல்பிரியன் எழுதியது:

9 அடி என்றால் 65 அங்குலம் சரியான அளவு. திரை 1.4 மீற்றருக்குச் சற்று அதிக அகலம், 2.7 மீற்றரில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய 30 பாகை கோணம் வரும். படம் பார்க்க இவ்வளவாவது வேண்டும் என்று துறைக்காரர்கள் சொல்லும் கோணம் அதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். இரண்டையும் ஓலெட் என்று சொன்னாலும் உள்ளே இருக்கும் பனல் வேறாக இருக்கலாம். எல்ஜியில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளைப் புள்ளி ஒன்றும் சேர்ந்திருக்கும். சாம்சங்கின் க்யூடி ஓலெட் பனலில் வெள்ளை கிடையாது. நீல ஒளி குவாண்டம் டொட் படலத்தில் பட்டுச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாறுகிறது. அதனால் நல்ல வெளிச்சமான காட்சியில்கூட நிறம் வெளிறாது. பூச்சந்தை, பட்டுச் சேலை, வாணவேடிக்கை இதெல்லாம் அதில் ஒரு படி தூக்கலாகத் தெரியும்.

ஆனால் உங்கள் ஹோலுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. க்யூடி ஓலெட் திரையின் முன்னால், வெளி வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் வழக்கமான போலரைசர் படலம் இல்லை. வெளி வெளிச்சம் திரையில் விழுந்தால் கறுப்பு கறுப்பாக இருக்காமல், ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். இரவில் விளக்கை அணைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. பிற்பகல் 4 மணிக்கு மேற்குப் பார்த்த ஹோலில் நிச்சயம் தெரியும். எல்ஜி பனல் அந்த வெளிச்சத்திலும் கறுப்பாகவே நிற்கும். (கண்ணாடிபோல யன்னலைக் காட்டுவது இரண்டுக்கும் பொது.)

இன்னொன்று. எஸ்90டி எல்லா இடத்திலும் ஒரே பனலோடு வருவதில்லை. நாட்டையும் அளவையும் பொறுத்துச் சிலவற்றில் க்யூடி ஓலெட், சிலவற்றில் எல்ஜி வகை வெள்ளைப்புள்ளி ஓலெட். பெட்டியில் அதைப் போட மாட்டார்கள். கடையில் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு, போன் டோர்ச்சைத் திரையில் அடித்துப் பாருங்கள். சாம்பல், ஊதா ஓடினால் க்யூடி. கறுப்பாகவே இருந்தால் மற்றது.


மட்டக்குளி மட்டையாளன் எழுதியது:

கிரிக்கெட்டுக்கு இரண்டும் அருமை. ஓலெட்டில் புள்ளி மாறும் வேகம் அதிகம், பந்துக்குப் பின்னால் வால் இழுக்காது. அசைவைச் சீராக்கும் வசதியை மட்டும் உச்சத்தில் வைக்க வேண்டாம். எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி என்று இருக்கும். கூட்டினால் பந்து வீச்சாளரின் கைக்குப் பக்கத்தில் படம் கலைந்து கலைந்து சேரும். மிகக் குறைவாக வைத்தால் போதும்.

முழுத்திரையும் வெளிச்சமாக இருக்கும்போது ஓலெட் தானாகவே கொஞ்சம் மங்கும். வெயிலடிக்கும் மைதானத்தில் வெள்ளை உடுப்போடு டெஸ்ட் மட்ச் நடக்கும்போது பார்த்தால் தெரியும். அப்பா பகலில்தான் மட்ச் பார்க்கிறார் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள்.


கொட்டாஞ்சேனை வாசகி எழுதியது:

எல்லோரும் திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். அதன் முன்னால் அதிக நேரம் இருக்கப்போவது அப்பா. பகல் முழுக்கத் தமிழ்ச் சனல் ஓடினால் மூலையில் அதே இலச்சினை, கீழே அதே செய்தி ஓட்டம், மட்ச் என்றால் ஸ்கோர்ப் பட்டி. ஓலெட்டில் இது அச்சாகப் பதிகிற ஆபத்து உண்மையானது. பொதுவாக வாரண்டியிலும் இதைச் சேர்ப்பதில்லை.

ஆர்டிங்ஸ் என்ற சோதனைத் தளம் 2022 இல் 100 டிவிகளை வைத்து ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கியது. ஒரே செய்திச் சனலை நாள் முழுவதும் ஓடவிட்டார்கள். ஓலெட்டுகளில் இலச்சினைத் தடம் விழத்தான் செய்தது. ஆனால் அதே சோதனையில் விளிம்பில் மட்டும் விளக்கு வைத்த மெல்லிய எல்ஈடி டிவிகளும் சூடேறிப் பழுதாகின, அதையும் சொல்ல வேண்டும். பழுதே வராத டிவி என்று ஒன்று இல்லை.

பகல் பாவனை எத்தனை மணித்தியாலம்? ஆறேழு என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, விளக்குகள் திரைக்குப் பின்னால் முழுப்பரப்பிலும் இருக்கும் மினி எல்ஈடி ஒன்றைப் பாருங்கள் என்பேன். வெயில் ஹோலுக்கும் அதுதான் உதவும்.


வெள்ளவத்தை ஏழாம்மாடி எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி. காலையில் செய்தி ஒரு மணித்தியாலம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம் இரண்டு, மாலையில் மறுபடி செய்தி. சனல் மாறிக்கொண்டே இருக்கும். மட்ச் நாளில் மட்டும் முழு நாளும் ஒன்றே. மினி எல்ஈடியும் பார்த்தேன். நேராகப் பார்த்தால் நல்ல வெளிச்சம், பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கிறது. அப்பாவின் சாய்கதிரை யன்னலோரம், திரைக்கு நல்ல சரிவில் இருக்கிறது. அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால்தான் ஓலெட்டுக்கு வந்தேன்.

பழைய 43 அங்குல டிவி இன்னும் வேலை செய்கிறது. அதை அப்பாவின் அறையில் மாட்டிவிட்டால் சனல் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தம்பி சொல்கிறான்.


கொட்டாஞ்சேனை வாசகி எழுதியது:

அதைச் செய்யாதீர்கள் தம்பி. வயதானவர் ஹோலில் இருப்பது டிவிக்காக மட்டுமில்லை. வாசலுக்கு யார் வருகிறார்கள், குசினியில் என்ன நடக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டார்களா, எல்லாம் அந்தக் கதிரையில் இருந்துதான் அவருக்குத் தெரியும். புது டிவியைப் பாதுகாக்க மனுசனை அறைக்குள் அனுப்புவது சரியில்லை. டிவியை அவருக்கேற்ப எடுங்கள்.

நீங்கள் சொல்லும் பாவனை என்றால் எனக்கு ஓலெட் பயம் குறைந்துவிட்டது. இரண்டிலுமே இலச்சினை வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது, படத்தை மெல்ல நகர்த்தும் வசதியும் இருக்கிறது. அவற்றை அணைக்காமல் விடுங்கள். சனல் பார்க்கும்போது வெளிச்சத்தைப் பாதிக்கு வையுங்கள், படம் பார்க்கும்போது கூட்டலாம்.


தெஹிவளை திருத்துநர் எழுதியது:

தம்பி, நான் டிவி திருத்துகிறவன். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நம் வீடுகளில் இரவு படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் இருக்கிறது. ஓலெட்டுக்கு அது கூடாது. மொத்தம் நான்கு மணித்தியாலம் ஓடிய பிறகு, ரிமோட்டால் அணைத்ததும் டிவி தானாகவே ஒரு சுத்திகரிப்பு வேலையைச் செய்யும். பனலில் எந்தப் புள்ளி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து சரிக்கட்டுகிற வேலை. பத்து நிமிடம் போல எடுக்கும். திரை இருட்டாக இருக்கும், சில நேரம் உள்ளே ஒரு டிக் சத்தம் கேட்கும். சுவர் சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. மாதக்கணக்கில் இப்படி அணைத்து அணைத்து, இலச்சினைத் தடத்தோடு என் மேசைக்கு வந்த டிவிகள் உண்டு.

அதற்காக இடி மின்னலில் செருகியபடியே விடச் சொல்லவில்லை. மார்ச், ஏப்ரல், அப்புறம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடி நமக்குத் தெரிந்ததுதானே. அப்போது ப்ளக்கையே கழற்றுங்கள். அதோடு பியோ டிவிப் பெட்டியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ வயரையும், நெட்வேர்க் வயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். மின்னல் ப்ளக்கால் மட்டும் வருவதில்லை. போர்டு எரிந்து வருகிறவற்றில் எச்டிஎம்ஐ பக்கம் மட்டும் எரிந்தவை நிறைய. மற்ற நாட்களில் ரிமோட்டால் அணைத்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து வேண்டுமானால் சுவிட்சை அணைக்கலாம்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. இக்கால டிவிகள் பெரும்பாலும் 100 இலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும். ஆபத்து வேறு இடத்தில். நியூட்ரல் வயர் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வரை ஏறலாம். சாதாரண சேர்ஜ் பலகை அதை நிறுத்தாது. அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டிவிட்டு, திரும்பிச் சீரானதும் சில நிமிடம் பொறுத்துக் கொடுக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்று போடுங்கள். 2022 இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலத்திலும், 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க இருண்ட நாளிலும் என் கவலை கரண்ட் போனதைப் பற்றி அல்ல. அது திரும்பி வருகிற அந்த நொடியில்தான் போர்டுகள் அடிபடும்.

கடலோரம் வேறு. உப்புக்காற்று எச்டிஎம்ஐ துளைகளுக்குள் பச்சையாகப் படிந்து நான் கண்டிருக்கிறேன். கடலைப் பார்க்கும் யன்னலுக்கு நேரெதிரே டிவியை வைக்காதீர்கள். மாட்டும் சுவரில் ஈரம் ஊறுகிறதா என்று மழைநாளில் கை வைத்துப் பாருங்கள். யன்னல் இருக்கும் சுவருக்குப் பக்கச் சுவர்தான் உங்களுக்கு நல்லது. வெயிலும் நேரே விழாது, காற்றும் நேரே அடிக்காது.


தெமட்டகொடை தரவுக்காரன் எழுதியது:

எனக்கு எந்த டிவி என்பதைவிட, டிவிக்குள் என்ன போகிறது என்பதுதான் பெரிய விஷயம். சாதாரணச் சனலின் படம் 720க்கு 576 புள்ளி. 4கே திரையில் 3840க்கு 2160. கணக்குப் பார்த்தால் சரியாக 20 மடங்கு. அதாவது சனலிலிருந்து வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் 20 புள்ளியை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டும். 43 அங்குலத்தில் தெரியாத பிசுபிசுப்பு 65 இல் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். முதல் வாரம் அப்பா “பழைய டிவி தெளிவாக இருந்ததே” என்று கேட்டால் அவர் சொல்வது உண்மை, மறுக்காதீர்கள். கூர்மையைக் குறையுங்கள், இரைச்சல் குறைப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். எச்டியில் கிடைக்கிற சனலை எச்டியிலேயே எடுங்கள். பியோ பெட்டி பழையது என்றால் அதை மாற்றுவதில் கிடைக்கிற பலன் இந்த இரண்டு டிவிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைவிட அதிகம்.

நெட்ஃபிளிக்ஸ் 4கேயில் பார்க்க விநாடிக்கு 15 மெகாபிட் வேண்டும். மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை போகும். இரவுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் மாதம் 420 ஜிபி. உங்கள் ஃபைபர் பெக்கேஜின் எல்லை என்ன என்று டிவி வாங்க முன்பே பாருங்கள். எல்லை தாண்டி வேகம் விழுந்தால் ஓலெட்டும் மங்கல்தான்.

காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் முறைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றில் டொல்பி விஷன் எல்ஜியில் உண்டு, சாம்சங்கில் இல்லை. சாம்சங்கில் எச்டிஆர்10 பிளஸ் உண்டு, எல்ஜியில் இல்லை. நெட்ஃபிளிக்ஸில் டொல்பி விஷன் படங்கள் பல வருடமாக இருக்கின்றன. எச்டிஆர்10 பிளஸை அவர்கள் 2025 இல்தான் கொண்டுவரத் தொடங்கினார்கள். இதை வைத்து மட்டும் முடிவெடுக்கும் அளவுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்பது என் கருத்து. பிளேஸ்டேஷன் 5 இந்த இரண்டையுமே கொடுப்பதில்லை, அதனால் தம்பிக்கு எதுவும் குறையாது.


பம்பலப்பிட்டி பனல்பிரியன் எழுதியது:

டொல்பி விஷன் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருட்டுக் காட்சி அதிகமுள்ள தொடர்களில் நிழலுக்குள் இருக்கும் விபரம் எல்ஜியில் ஒழுங்காக வருகிறது. எட்டுப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறார் என்பதையும் பாருங்கள். ஆனால் அதே கணக்கில் சாம்சங்குக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். 2024 மொடல்களுக்கு 7 வருடம் டைசன் என்ற தங்கள் டிவி மென்பொருளுக்குப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்திருக்கிறார்கள். எல்ஜி தன் மென்பொருளான வெப்ஓஎஸ்ஸுக்கு 5 வருடத்தில் 4 புதுப்பிப்பு என்கிறது.


கல்கிசை எழுதியது:

டுபாயில் இருக்கும் உறவினரிடம் சொல்லி எடுப்பித்தால் விலை குறையுமே?


தெஹிவளை திருத்துநர் எழுதியது:

குறையலாம். ஆனால் இங்குள்ள முகவர் அதற்கு வாரண்டி தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஓலெட்டில் பனல் போனால், பனல் விலை புது டிவி விலைக்குக் கிட்ட வரும். என் கையில் பனல் ஸ்டொக் கிடையாது, முகவர் வழியாகத்தான் எடுக்க வேண்டும். வாங்கும்போது பற்றுச்சீட்டில் தொடர் இலக்கம் எழுதியிருக்கிறதா, பனலுக்கு எத்தனை வருடம், போர்டுக்கு எத்தனை வருடம், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா அல்லது நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏழாம் மாடியிலிருந்து 65 அங்குலத்தைக் கீழே இறக்குவது சின்ன வேலை இல்லை.


வெள்ளவத்தை ஏழாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு காலி வீதியில் உள்ள ஒரு ஷோரூமுக்குப் போனோம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டும் கடைக்கான கண்ணைப் பறிக்கும் செட்டிங்கில். படம் எடுத்தவர் நினைத்த நிறத்திலேயே காட்டும் ஃபில்ம்மேக்கர் மோடுக்கு மாற்றச் சொன்னேன். இரண்டிலும் அந்த மோட் உண்டு. மாற்றியதும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. விற்பனையாளர் பிள்ளைக்கே ஆச்சரியம்.

பிறகு இரண்டையும் அணைக்கச் சொல்லி டோர்ச் அடித்தேன். சாம்சங் திரையில் வெளிச்சம் விழுந்த வட்டத்தைச் சுற்றி, கழுவின ஊதா மைபோல ஒரு சாம்பல் பரவியது. எல்ஜியில் வட்டம் மட்டும்தான், சுற்றிலும் கறுப்பு. கடைக் கதவைத் திறந்து காலி வீதி வெளிச்சத்தை உள்ளே விட்டபோதும் அதே வித்தியாசம். அந்த அளவு வெளிச்சம்தான் எங்கள் ஹோலில் பின்னேரத்தில் இருக்கும்.

விளக்கை அணைத்த டெமோ அறைக்குள் இதற்கு மாறாக இருந்தது. ஒரு கடல் காட்சியில் சாம்சங்கின் பவளப்பாறைச் சிவப்பு உண்மையிலேயே அழகு. இரவில் மட்டும் பார்க்கும் வீடு என்றால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன், இதை இதே கேள்வியோடு வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

அப்பா ரிமோட்டைத்தான் பார்த்தார். சாம்சங்கின் சூரிய ஒளி ரிமோட்டில் இலக்கப் பொத்தான்கள் இல்லை. எல்ஜியில் இருந்தன. பியோ பெட்டிக்குத் தனி ரிமோட் இருக்கிறது என்று சொன்னேன். “இருந்தாலும் இலக்கம் இருந்தால் கைக்கு நல்லது” என்றார். மேலேயும் கீழேயும் அமத்திப் பார்த்துவிட்டு எல்ஜி ரிமோட்டைத் திருப்பி வைக்கவே நேரமெடுத்தார்.

எல்ஜி சி4 என்று முடிவெடுத்துவிட்டோம். பக்கச் சுவரில் மாட்டப்போகிறோம், அப்பாவின் கதிரை அதே இடத்தில். லிஃப்டையும் அளந்துவிட்டேன். பெட்டி 160 செண்டிமீற்றர் அளவு நீளம், நிமிர்த்தியபடி சாய்வாகப் போகும். பழைய 43 எங்கள் அறைக்கு வருகிறது.

திருத்துநர் அண்ணா, இரண்டு கேள்வி. கரண்ட் பில் எவ்வளவு கூடும்? அந்தப் பாதுகாப்புக் கருவியை டிவிக்கு மட்டும் போட்டால் போதுமா?


தெஹிவளை திருத்துநர் எழுதியது:

பில்லுக்குப் பயப்படாதீர்கள் தம்பி. இந்த அளவு ஓலெட் சராசரியாக 100 வோட்ஸ் எடுக்கும் என்று வைத்தால், நாளுக்கு ஐந்து மணித்தியாலம், மாதம் 15 அலகு. அந்த 15 அலகு உங்களை 120 இலிருந்து அடுத்த படிக்கோ, 180 இலிருந்து அடுத்த படிக்கோ தள்ளுகிறதா என்பதைத்தான் பழைய பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். படி மாறினால் அலகு விலையும் நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும்.

கருவி டிவிக்கும் பியோ பெட்டிக்கும் ரௌட்டருக்கும் பிளேஸ்டேஷனுக்கும் சேர்த்து ஒன்றாக இருக்கட்டும். டிவியை மட்டும் காப்பாற்றி, பக்கத்துப் பெட்டியில் ஏறிய மின்னழுத்தம் எச்டிஎம்ஐ வயரால் டிவிக்குள் வந்தால் போட்ட காசுக்குப் பலன் இல்லை. வாங்கும்போது எத்தனை அம்பியர் தாங்கும், எத்தனை வோல்ட்டில் வெட்டும், திரும்பக் கொடுக்க எத்தனை நிமிடம் பொறுக்கும் என்று மேலேயே அச்சடித்திருக்கும். அது இல்லாததை எடுக்காதீர்கள். டிவி வந்து இறங்கும் நாளில் பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டு வந்தால் கையெழுத்துப் போட முதல் திறந்து, முழுத்திரையும் சாம்பல் நிறத்தில் ஓடவிட்டு நான்கு மூலையையும் பாருங்கள்.